நண்டு மார்க்கும் நாவலூர் வக்கீல்களும்

“ம்மா, நீ எங்கயும் அலைய வேணாம், எல்லாம் போன்லயே முடிஞ்சிடும்” என்று என் மகன் அன்வர் சொன்னான். அதனால்தான் கிளம்பினேன்.

விஷயம் இதுதான். செங்கல்பட்டில் எங்கள் கடையின் மசாலாப் பொடிக்கு நண்டு மார்க் என்று பெயர். பாக்கெட்டின் நடுவில் ஒரு நண்டு, கொடுக்கில் மிளகாயைப் பிடித்தபடி நிற்கும். வெளி மாநிலத்துக் கம்பெனி ஒன்று அதே நண்டைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டது. நான் டிரேட் மார்க் கேட்டு மனுப் போட்டபோது, கொடுக்கக் கூடாது என்று ஆட்சேபணையும் செய்தது. நண்டு எங்களுடையதுதான் என்று நான் பிரமாணப் பத்திரத்தில் சத்தியம் செய்ய வேண்டும். நாள் தவறினால் மனு போய்விடும், நண்டும் போய்விடும். அந்தச் சத்தியத்தைத்தான், போனில் வருகிற நம்பரைச் சொல்லி முடித்துவிடலாம் என்றான்.

“எங்க கீது அந்த வக்கீல் ஆபீசு?”

“நாவலூர்ல. உனக்கு எதுக்கும்மா இந்த பேஜாரு?”

“சத்தியம் பண்றது நானு. அது நடக்கிற எடத்துல நான் இருக்கணும்.”

எனக்கு பஸ் போர்டு படிக்க வரும். கையெழுத்துப் போட வரும். இதுபோல நிதானமாக எழுத்துக் கூட்டி எழுதவும் வரும். ஆங்கிலம் வராது. வராததற்கு நான் வெட்கப்பட்டதில்லை. வெட்கப்பட்டிருந்தால் கடை நடத்தியிருக்க முடியாது.

பஸ் திருப்போரூருக்கு முன்னால் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி எஞ்சினைப் பார்த்தார். கண்டக்டர் இறங்கி டிரைவரைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் இறங்கி இருவரையும் பார்த்தோம். “பின்னால வர வண்டில ஏறிக்கோங்க” என்றார் கண்டக்டர். பின்னால் வந்த வண்டி நிற்காமல் போனது. “அதுக்குப் பின்னால வர வண்டி” என்று அவரே திருத்திக்கொண்டார். நான் புளியமரத்தடியில் உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து தக்காளி சாதம் சாப்பிட்டேன். அவசரப்பட்டவர்கள் ஆட்டோவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சாப்பிட்டுக் கை கழுவியபோது பஸ் வந்தது. அவர்கள் அதே பஸ்ஸில்தான் ஏறினார்கள்.

நாவலூர் எங்கள் ஊரிலிருந்து தூரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் வேறு தேசம். செங்கல்பட்டில் ஏரி பெரிது, கட்டிடம் சிறிது. இங்கே கட்டிடங்களின் காலடியில் ஏரி குட்டை மாதிரி ஒடுங்கிக் கிடக்கிறது. எங்கள் ஊரில் மனிதர்கள் கழுத்தில் தாயத்துப் போடுவார்கள். இங்கே எல்லோர் கழுத்திலும் போட்டோ ஒட்டிய அட்டை தொங்குகிறது. ஒரு கடையில் டீ கேட்டேன். வெந்நீரைக் கொடுத்து, நூலில் கட்டிய ஒரு பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்தார்கள். டீயை நானே போட்டுக்கொள்வதென்றால் கடை எதற்கு என்று கேட்டேன். அந்தப் பெண்பிள்ளை சிரித்துவிட்டுத் தானே நூலை ஆட்டிக் கொடுத்தாள். டீயில் நூலின் ருசிதான் இருந்தது.

வக்கீல் ஆபீஸ் இருந்த கட்டிடத்தின் வாசலில் இரும்புக் கதவு. காவல்காரர் என் முக்காட்டைப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னார்.

“பாயம்மா, போன்ல ஒரு கட்டம் வரும். அத்த காமிச்சாதான் கதவு தொறக்கும்.”

“என் போன்ல குரல்தான் வரும்.”

“அப்ப இன்னா பண்றது?”

“நாற்காலி போடு. உள்ள கீறவங்க என்னைக்காவது வெளிய வருவாங்க இல்ல.”

போட்டார். உட்கார்ந்தேன். அவர் மேலே போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன வக்கீலம்மா ஓடி வந்தாள். பெயர் திவ்யா. கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிறவள். “அம்மா, நீங்க வரணும்னே இல்ல, வீட்லயே முடிச்சிருக்கலாமே” என்றாள். இதையே சொல்ல ஊருக்கு ஒரு ஆள் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

மேலே குளிர் எலும்பில் ஏறியது. நாற்காலிகள் நிறைய இருந்தன, ஆட்கள் குறைவு. எங்கே எல்லோரும் என்று கேட்டேன். “ஏ.ஐ. வந்துடுச்சும்மா. தேடுறது, எழுதுறது, யாராவது நம்ம மார்க்கைக் காப்பி அடிக்கிறாங்களான்னு ஊரெல்லாம் பாக்குறது, எல்லாம் மெஷினே செஞ்சிடும். நாங்க சரிபார்த்தா போதும்” என்றாள். பேர், படம், கண்டுபிடிப்பு இவற்றுக்கெல்லாம் உரிமை வாங்கித் தருகிற வக்கீல்கள் இவர்கள். டெல்லி, பெங்களூரில் எல்லா ஆபீசும் மெஷினுக்கு மாறிவிட்டதாம். மாறாதவனிடம் பெரிய கம்பெனிகள் வருவதில்லையாம்.

பிரமாணப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. “எனக்குப் படிச்சுக் காட்டு” என்றேன். திவ்யா சிலேட்டு மாதிரி ஒரு கண்ணாடிப் பலகையைத் தட்டினாள். அதிலிருந்து ஒரு பெண் குரல் தமிழில் பேசியது. செய்தி வாசிக்கிற மாதிரி நல்ல குரல், எங்கேயும் மூச்சு வாங்கவில்லை. என் பெயர், அத்தா பெயர், கடை விலாசம் எல்லாம் சரியாகச் சொன்னது. பிறகு, “மேற்படி நண்டுப் படத்தை என் காலஞ்சென்ற கணவர் தன் கைப்பட வரைந்தார்” என்றது.

“நிறுத்து” என்றேன்.

எங்கள் வீட்டில் நண்டு சாப்பிடுகிற வழக்கம் இல்லை. மார்க்கத்தில் கூடும் என்கிறவர்களும் உண்டு, கூடாது என்கிறவர்களும் உண்டு. நாங்கள் கூடாது என்கிற பக்கம். என் வீட்டுக்காரர் நண்டு விற்கிற தெருவில்கூட நடக்க மாட்டார். பாக்கெட்டில் நண்டு வந்தபோது ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவர் வரைந்தார் என்று சொன்னால் எங்கள் தெருவே சிரிக்கும்.

“அப்ப யாரும்மா வரைஞ்சது?”

“மல்லிகா.”

மல்லிகா என் பழைய கூட்டாளி. கடலுக்குத் தொலைவான ஊரில் விவசாயக் குடும்பத்துப் பெண். செங்கல்பட்டில் எங்களுக்கு அடுத்த போர்ஷனில் குடியிருந்தாள். இருவரும் சேர்ந்துதான் மிளகாய் காயவைத்து, மில்லில் அரைத்து, பொட்டலம் கட்டினோம். கடலோரத்திலிருந்து மீன் கொண்டுவருகிற பெண்கள்தான் முதலில் வாங்கினார்கள். அவர்களுக்குப் படிக்க வராது, படம் இருந்தால்தான் அடையாளம் தெரியும். மல்லிகா ஒரு சட்டைப் பெட்டியின் அட்டையை எடுத்து, கண் மையால் நண்டு வரைந்தாள். பிறகு அவள் புருஷனுக்கு மாமல்லபுரத்தில் ஹோட்டல் வேலை கிடைத்தது. “தூளு உன்னோடது, நல்லா நடத்து” என்று சொல்லிவிட்டுப் போனாள். சண்டை ஒன்றும் இல்லை. வீடு மாறி, போன் நம்பர் மாறி, பேச்சு அப்படியே நின்றுபோனது.

திவ்யாவின் முகம் சுருங்கியது. “நான் இதை மெஷினுக்குச் சொல்லவே இல்லம்மா. இந்த மாதிரி குடும்ப வியாபாரக் கேஸ்ல எல்லாம் கணவர்தான் வரைஞ்சதா இருக்கும். அது தானா நிரப்பிடுச்சு.”

பெரிய வக்கீல் வரதராஜன் சார் வந்தார். தும்பைப் பூ மாதிரி சட்டை, பதறாத பேச்சு.

“அம்மா, யோசிச்சுப் பாருங்க. படம் வரைஞ்சவங்களுக்கு அந்தப் படத்துல உரிமை உண்டு. உங்க வீட்டுக்காரர்னா, அவர் காலமாயிட்டார், உரிமை நேரா உங்ககிட்ட வந்துடும். வெளியாள்னா, அவங்களைத் தேடிப் பிடிச்சு ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கணும். நாளை மறுநாள் கடைசி நாள். இப்படியே விட்டா கேஸ் நல்லா நிக்கும்.”

“கேஸ் நிக்கும் சார். நான் எங்க போய் நிக்கிறது?”

நான் பேனாவை மூடி மேஜையில் வைத்தேன்.

“மல்லிகா கையெழுத்த நான் வாங்கினு வரேன். இந்தக் காகிதத்த மாத்தி எழுதி வைங்க. இன்னொண்ணு, அத்த மெஷினு படிக்கக் கூடாது. மனுஷங்க படிக்கணும். படிச்சவங்க கீழ கையெழுத்துப் போடணும்.”

இது நானாகச் சொன்னதில்லை. மொழி தெரியாதவர் சத்தியம் செய்தால், “படித்துக் காட்டினேன், புரிந்துகொண்டு கையெழுத்திட்டார்” என்று ஒருவர் கீழே எழுதிக் கையெழுத்துப் போடுகிற வழக்கம் உண்டு. வீட்டுக்காரர் கடைப் பத்திரம் எழுதிய நாளில் பத்திர எழுத்தர் எனக்கு அப்படித்தான் படித்துக் காட்டினார். அந்த வரியைக் காட்டச் சொன்னேன். இருந்தது. ஆள் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

அன்றைக்கு நாவலூரிலேயே என் தங்கை மகள் வீட்டில் தங்கினேன். அவ்வளவு உயரத்தில் குடியிருக்கிறாள், தண்ணீர் மட்டும் லாரியில் வருகிறது. எங்கள் தெருவில் குழாயடியில் சண்டை போட்டாவது கீழேயே பிடித்துக்கொள்கிறோம்.

மறுநாள் காலையில் கோவளம் போய், பஸ் நிற்கிற இடத்தில் நாஸ்தா. இட்லியும் வடகறியும். வடகறி என்றால் அப்படி இருக்க வேண்டும். நாவலூரில் நான் பட்டதற்கெல்லாம் அது பரிகாரம். மாமல்லபுரம் பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர், “பாயம்மா, முன்னால போங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முன்னால் போய்ப் போய் டிரைவர் பக்கத்தில் வந்து நின்றேன். கடல் நன்றாகத் தெரிந்தது. சவுக்குத் தோப்புக்கு நடுவே நீலமாக எட்டிப் பார்த்தது, ஹோட்டல் மதில் வந்தால் மறைந்தது, மதில் முடிந்தால் மறுபடி எட்டிப் பார்த்தது. கடலுக்கு எதற்கு மதில் என்று டிரைவரிடம் கேட்டேன். “ரூம் எடுத்தவனுக்குத்தான் கடலு தெரியணுமாம்” என்றார்.

மாமல்லபுரத்தில் இறங்கியதும் உளிச் சத்தம். கல் பட்டறைகளில் இப்போது மெஷின் வைத்தும் அறுக்கிறார்கள். தூள் பறக்கிறது. நான் மூக்கை முக்காட்டால் மூடிக்கொண்டு மல்லிகா வீட்டை விசாரித்தேன். “நண்டுக்கடை மல்லிகாவா? கடற்கர ரோட்டுல போ. இப்ப பலகைய சாக்கு போட்டு மூடி வெச்சிகீது, பாத்தா தெரியும்” என்றார் இளநீர்க்காரர்.

தெரிந்தது. ஓலைக் கூரை, பெஞ்சுகள், பெரிய வாணலி. கூரைக்கு மேலே பலகை, அதன் மேல் கோணிச் சாக்கு. மல்லிகா வாணலிக்குப் பின்னால் நின்றாள். தலை முழுக்க நரைத்துவிட்டது, நிமிர்வு குறையவில்லை.

“மல்லி” என்றேன்.

பார்த்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள் என்பது கரண்டியை வைத்த விதத்தில் தெரிந்தது. உள்ளே போனாள். ஒரு கவரைக் கொண்டுவந்து என் முன்னால் பெஞ்சில் எறிந்தாள்.

“வந்துட்டியா. நேர்லயே பாத்துட்டுப் போலாம்னு வந்தியா, நண்ட மூடினேனா இல்லையான்னு?”

“இன்னாடி இது?”

“இன்னாவா? நான் உன் நண்டத் திருடிட்டேனாம். பலகைய எடுக்கலன்னா கோர்ட்டுக்கு இழுப்பியாம். மருமவ போன காட்டிப் படிச்சா. அடில உன் பேரு போட்டுகீது, ஜொகரா பீவின்னு.”

உட்கார்ந்தேன். “நான் அனுப்பல மல்லி.”

“உன் பேரு போட்டுகினு வேற எவ அனுப்புவா?”

திவ்யாவுக்கு போன் செய்தேன். அவள் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்ன கதை இது. யாரோ ஒரு பயணி மல்லிகா கடையைப் படம் பிடித்து இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார். காப்பியடிப்பவர்களைத் தேடுகிற மெஷின் அந்தப் படத்தில் நண்டைக் கண்டுபிடித்துவிட்டது. உடனே நோட்டீசும் எழுதிவிட்டது. அனுப்பலாமா என்று கேட்டு அன்வர் போனுக்குச் செய்தி போனது. அவன் ‘சரி’யை அமுக்கிவிட்டான். தினம் எத்தனையோ வருகிறது, எல்லாவற்றையும் அமுக்குகிறான்.

வரைந்தவளுக்கே நோட்டீஸ் போயிருக்கிறது, என் பெயரில்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். கூரையைக் காட்டி ஏதோ கேட்டாள். மல்லிகா அவளிடம் அவள் பாஷையிலேயே என்னவோ சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “எங்க போச்சு அந்த நண்டு, நாங்க போன தடவ வந்தப்ப அங்கதான இருந்துதுன்னு கேக்குறா. செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன்.”

வந்த காரியத்தைச் சொன்னேன். வேறு யாராவது என்றால் இன்னொரு நாள் சொல்லியிருப்பார்கள். எனக்கு இன்னொரு நாள் இல்லை. அதோடு, மறைத்துப் பேசி எனக்குப் பழக்கமும் இல்லை.

மல்லிகா தன் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். “இந்தக் கைலதான் வரைஞ்சேன். இந்தக் கையால கையெழுத்துப் போட மாட்டேன்.”

“சரி” என்றேன். “போடாத. ஆனா அந்த நோட்டீச எழுதினவங்க இங்க வந்து உன் மூஞ்சிக்கு நேரா அத்தப் படிக்கணும். அதுவரிக்கும் நான் இங்கருந்து போவ மாட்டேன்.”

“யாரு உன்ன போவச் சொன்னது? கையெழுத்துதான் போட மாட்டேன். பட்டினி போட மாட்டேன்.”

வறுத்த நெத்திலியும் சோறும் வந்தது. அவளுக்கு நண்டு. என் தட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு காலை உடைத்து உறிஞ்சினாள். “நண்டு மார்க்கு ஓனரம்மா, ஒரு வாய் துன்னு பாரேன்.” மாட்டேன் என்றேன். “இத்தினி வருசம் வித்தா, ருசி தெரியாது” என்று பெஞ்சிலிருந்தவர்களிடம் சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் கையெழுத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விட்டாள்.

திவ்யாவை வரச் சொல்லி மறுபடி போன் செய்தேன். வரதராஜன் சார் வாங்கிப் பேசினார். நோட்டீசை அப்புறம் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம், முதலில் கையெழுத்தை வாங்குங்கள் என்றார். கடைப் பலகையைப் பற்றிப் பத்திரத்தில் மூச்சு விட வேண்டாம் என்றார். ஒரே நண்டை இன்னொருத்தியும் வைத்திருக்கிறாள் என்று தெரிந்தால், எதிர்க் கம்பெனி அதைப் பிடித்துக்கொள்ளுமாம்.

“சார், அந்தப் பொண்ண அனுப்புங்க. இல்லன்னா உங்க கேசும் வேணாம், உங்க மெஷினும் வேணாம். நண்டு இல்லாமலே நான் மசாலா விக்கிறேன்.”

சொல்லும்போதே மனசில் கணக்கும் ஓடியது. நண்டு இல்லாத பாக்கெட்டை எந்த மீன்காரம்மா வாங்குவாள்? ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

இரவு அங்கேயே தங்கினேன். மறுநாள் காலையில், இடியாப்பமும் முந்தின நாள் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திவ்யாவின் ஸ்கூட்டர் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியபோதே கண் சிவந்திருந்தது. அந்தப் பேசுகிற கண்ணாடிப் பலகையை எடுத்து பெஞ்சில் வைத்தாள். மல்லிகா அதைத் தள்ளி வைத்தாள்.

“இது வாய்க்கு எதனா சூடு சொரண கீதா? நீ படி. மொதல்ல நீங்க அனுப்பினத்தப் படி.”

திவ்யா நோட்டீசைப் பிரித்தாள். ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னாள். “நீங்கள் எங்கள் கட்சிக்காரருடைய படத்தை... தெரிந்தே... கெட்ட எண்ணத்தோடு திருடி...” அவ்வளவுதான் வந்தது. எதிரே மல்லிகா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சாப்பிட வந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். திவ்யா காகிதத்தை மடியில் போட்டாள்.

“என்னால படிக்க முடியல. ஒரு தடவ வாய்விட்டுப் படிச்சிருந்தா நான் இதை அனுப்பியிருக்கவே மாட்டேன்.”

“யாரு எழுதினது இத்த?”

“யாரும் எழுதலம்மா. மெஷினே எழுதிடுச்சு.”

மல்லிகா கூரையைப் பார்த்தாள். “யாருமே எழுதாத காகிதத்துக்கா நான் சாக்கப் போட்டு மூடி வெச்சேன்?”

வாணலியில் எண்ணெய் புகைந்தது. மருமகள் ஓடிவந்து அடுப்பைத் தணித்தாள்.

பிறகு வேலை நடந்தது. மெஷினைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். நானும் மல்லிகாவும் ஒரே நேரத்தில் பேசினோம், குறுக்கே பேசினோம், கண் மையா கரித்துண்டா என்று வாதாடினோம். அத்தனையையும் கேட்டு, யார் எதைச் சொன்னது என்று பிரித்து, நாங்கள் ஒரு டீ குடித்து முடிக்கிறதுக்குள் பிரமாணப் பத்திரத்தை ஆங்கிலத்தில் எழுதிவிட்டது. எங்கள் பத்திர எழுத்தர் உட்கார்ந்திருந்தால் பொழுது சாய்ந்திருக்கும். வேலைக்காரன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சும்மா இருக்கத் தெரியாத வேலைக்காரன். திவ்யா வாய்விட்டுப் படித்தபோது, “கடல் அலைகளின் அழகில் மனம் பறிகொடுத்து வரைந்தார்” என்று ஒரு வரி வந்தது.

“எந்தக் கடலு? செங்கல்பட்டுலயா?” என்றாள் மல்லிகா. திவ்யா அடித்தாள். இன்னும் ஒன்றிரண்டை, நாங்கள் சொல்வதற்கு முன்னால் அவளே நின்று, கேட்டு, அடித்தாள்.

கடைப் பலகையைப் பற்றிய வரி வந்ததும் வரதராஜன் சாருக்கு போன் போட்டாள். அவர் வேண்டாம் என்றது எனக்கே கேட்டது. போனை வாங்கினேன்.

“சார், அவ நண்டு அவ கடைல இருக்கும். என் நண்டு என் பாக்கெட்டுல இருக்கும். ரெண்டும் ஒரே நண்டு, ஒரே கை போட்டது. அத்த மறைச்சி வாங்குற மார்க்கு எனக்கு வேணாம்.”

“கேஸ் பலவீனமாகும்மா.”

“ஆவட்டும். சாட்சி கேட்டா அவளக் கூட்டினு வந்து எதிர்ல நிறுத்தறேன். உங்க மெஷினு எழுதினாப்ல இருந்தா யாரக் கூட்டினு வருவீங்க? கபர்ஸ்தான்லருந்தா?”

“திவ்யாகிட்ட கொடுங்க” என்றார். திவ்யா கேட்டுக்கொண்டாள். பலகைக்கு நான் மல்லிகாவுக்கு எழுத்தில் அனுமதி கொடுத்துவிட்டால், எதிரி அதைப் பிடித்துக்கொள்வது கஷ்டம் என்று சொன்னாராம். இந்த வழி நேற்றே தெரிந்திருக்கும். நேற்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அனுமதி என்ற சொல் மல்லிகாவுக்குப் பிடிக்கவில்லை. “என் நண்டுக்கு இவ அனுமதியா?” என்றாள். எனக்கும் பிடிக்கவில்லை. கடைசியில் பத்திரத்தோடு இன்னும் இரண்டு காகிதம் ஆனது. மசாலாவுக்கு அவள் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தருவது ஒன்று, கடைக்கு நான் அவளுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தருவது ஒன்று.

திவ்யா மூன்றையும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வந்து முதலிலிருந்து படித்தாள். “இந்தப் படத்தை மல்லிகா ஆகிய நான் வரைந்தேன்” என்ற இடத்தில் மல்லிகா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அத்த இன்னொரு தபா படி.”

படித்தாள். மல்லிகா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். நானும் போட்டேன். அவள் மருமகளைக் கூப்பிட்டு, “ஏணி எடுத்தா” என்றாள். சாக்கு இறங்கியது. வெயிலில் நிறம் மங்கிய நண்டு. மிளகாய் மட்டும் புதுச் சிவப்பு. பெஞ்சிலிருந்த ஒருவர், “சாவலியா இது” என்றார்.

பிரமாணப் பத்திரத்துக்கு நோட்டரி வேண்டும். செங்கல்பட்டு கோர்ட்டு வாசலில் எனக்குத் தெரிந்த நோட்டரி இருக்கிறார். திவ்யா தன் ஸ்கூட்டரைக் காட்டினாள். நான் அதுவரை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன். திருக்கழுக்குன்றம் மலை வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அப்புறம் திறந்துகொண்டேன், காசா பணமா. வயல்காற்று நன்றாக இருந்தது. நடுவில் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டது. திவ்யா ஹாரனை அடித்துப் பார்த்துவிட்டு, கடைசி நாளாச்சே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆடுகளுக்கு எந்த நாளும் கடைசி நாள் இல்லை. “நைனா, கொஞ்சம் ஓரம் கட்டேன்” என்று மேய்க்கிறவரிடம் சொன்னேன். கட்டினார்.

நோட்டரி சீலை எடுத்து ஊதிக்கொண்டிருந்தார். “பாயம்மாவா, போடுங்க போடுங்க, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு.” பத்திரத்தைத் திருப்பியவர் கடைசிப் பக்கத்தில் நின்றார். “படித்துக் காட்டியவர்னு போட்டு காலியா கீதே. யாரு படிச்சது?”

திவ்யா பேனாவின் மூடியைத் திறந்தாள், எழுதவில்லை. அந்த வரியில் பெயர் எழுதினால், நாளைக்கு ஒரு பிசகு என்றால் அவளைத்தான் கேட்பார்கள். மெஷினைக் கேட்க முடியாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“நான்தான் படிச்சேன்” என்றாள். எழுதினாள். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

அங்கேயே படம் பிடித்து ஆபீசுக்கு அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் மனுவோடு சேர்ந்துவிட்டது.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஜெயிப்போமா தெரியாது. எதிர்க் கம்பெனி வக்கீலிடமும் இதே மாதிரி மெஷின் இருக்கிறதாம். அவர்கள் கொடுத்த பதில் வந்திருக்கிறது. அதில் அவர்களுடைய நண்டை வரைந்தவர் அந்த முதலாளியின் காலஞ்சென்ற தகப்பனாராம். திவ்யா போனில் அதைப் படித்துக் காட்டியபோது அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். வரட்டும், அவரை யார் கூட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று பார்க்கலாம்.

அன்வர் போனில் இப்போதும் செய்திகள் வருகின்றன. அமுக்கலாமா, அனுப்பலாமா, சம்மதமா என்று. என் பெயர் இருக்கிற எதையும் என் காதில் விழாமல் அவன் அமுக்கக் கூடாது. மதியம் கடை மூடியதும் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லி, உரக்கப் படிக்கிறான். தொண்டை கட்டிக்கொள்கிறது என்கிறான். கட்டட்டும்.